முன்பற்கள் நான்கும் ஒரு வால்வும்

இருபத்தாறு ஆண்டுகளாகக் கல்யாண மேடைகளில் மைக் பிடித்துப் பேசி வருகிறேன். வார நாள்களில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணி, அதாவது எழுத்தர் வேலை. சனி, ஞாயிறு வந்தால் கிள்ளானிலோ ஷா ஆலமிலோ சுபாங் ஜெயாவிலோ ஏதாவது ஒரு மண்டபத்தில் அறிவிப்பாளர். மணமகனை மேடைக்கு அழைப்பது, தாய்மாமனைத் தேடிப் பிடித்து வரவழைப்பது, வாழ்த்துரை நீண்டுகொண்டே போனால் பேச்சாளரின் மனம் நோகாமல் அவரை இறக்கிவிடுவது எல்லாம் எனக்குக் கைவந்த வேலை. என் முகம் மறந்துபோனவர்களுக்கும் என் குரல் ஞாபகம் இருக்கும். கிள்ளான் மார்க்கெட்டில் மீன் விலை கேட்டால் பக்கத்தில் நிற்கிற அம்மா திரும்பிப் பார்த்து, "நீங்கதானே எங்க மக கல்யாணத்துல பேசுனீங்க?" என்பார். அந்தக் கேள்வி காதில் விழும்போதெல்லாம் எனக்குக் கர்வமாக இருக்கும். அதை நான் மறைத்ததில்லை.

சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சல் என் இதயத்தின் வால்வு ஒன்றைக் கெடுத்திருந்தது என்பது நாற்பது வயதில்தான் தெரிந்தது. பத்து வருடம் மாத்திரையில் ஓடியது. ஐம்பத்தொன்றில் மூச்சு முட்டத் தொடங்கியது. ஒரு கல்யாணத்தில் மணமக்களின் குடும்பத்தாரை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருந்தேன். நான்காவது பெயரைச் சொல்ல மூச்சு இல்லை. மைக்கை ஒலிபெருக்கிக்காரரிடம் கொடுத்துவிட்டு மேடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். நாதஸ்வரக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு வாசிக்க ஆரம்பித்ததால் மானம் தப்பியது.

வால்வை மாற்ற வேண்டும் என்றார் இதய மருத்துவர். மருத்துவர்கள் கூடிப் பேசி அறுவைக்கு ஒப்புதல் தந்தார்கள். தேதியும் வந்தது. அலுவலகத்தில் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். துறைமுகத்தில் கொன்டேனர் லோரி ஓட்டும் என் கணவர் இரண்டு வாரம் விடுமுறை சொல்லிவைத்தார். நைட்டி, துண்டு, திருநீற்றுப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் அடுக்கிக் கட்டிலுக்கடியில் வைத்தேன்.

அறுவைக்கு முன் சில பரிசோதனைகள். ரத்தம், மூத்திரம், நெஞ்சுப் படம். கடைசியில் பல் பிரிவுக்கும் ஒரு தாள் கொடுத்து அனுப்பினார்கள். அது சும்மா ஒரு கையெழுத்துக்கு என்றுதான் நினைத்தேன்.

பல் மருத்துவர் முப்பது வயது தாண்டாத தமிழ்ப் பெண். என் தாடையின் எக்ஸ்ரே திரையில் இருந்தது. அதை வெகுநேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆன்டி, கடைசியா எப்போ பல்லு டாக்டர பாத்தீங்க?"

"ஸ்கூல்ல படிக்கும்போது பல்லு பாக்குற வேன் வரும்ல, அப்போ."

அவர் சிரிக்கவில்லை. "ஈறு பூரா கிருமி ஆன்டி. எலும்பு வரைக்கும் போயிருச்சு. இப்படியே ஆபரேஷன் பண்ணா, இந்தக் கிருமி ரத்தத்துல கலந்து நேரா புது வால்வுல போய் உக்காந்துக்கும். அப்புறம் அந்த வால்வும் போயிரும்..." என்று இழுத்தார்.

"நானும் போயிருவேன். சொல்லுங்க லா, பரவால்ல."

"ஒம்போது பல்லு எடுக்கணும். மேல முன்னாடி நாலும் அதுல இருக்கு."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "டாக்டர், எனக்கு ஆபரேஷன் நெஞ்சுல. வாயில இல்ல."

"தெரியும் ஆன்டி. ஆனா வாய் சுத்தமாகாம நெஞ்சத் தொறக்க மாட்டாங்க."

அன்று மாலைக்குள் தேதியை ரத்து செய்துவிட்டார்கள். பற்களை எடுத்து, ஈறு ஆறி, கிருமி போய்விட்டது என்று பல் பிரிவு எழுதிக் கொடுத்தால்தான் மறு தேதி.

ஈறில் ரத்தம் கசிவது எனக்குப் பல வருடமாகத் தெரியும். காலையில் வாய் கொப்பளித்தால் தொட்டி இளஞ்சிவப்பாகும். கிராம்பு எண்ணெய் தடவுவேன், சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். படம் எடுக்கும்போது உதட்டை மூடிச் சிரிப்பேன். அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு பூமாலை தாமதமானாலும் பதறுகிறவள், என் வாய்க்குள் அழுகிக்கொண்டிருந்ததைக் கண்டுகொள்ளவில்லை. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் மற்றதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

கணவரிடம், "ஆஸ்பத்திரியில தேதியத் தள்ளி வச்சுட்டாங்க" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்டதற்கு, "அவங்களுக்கு ஆயிரம் கேஸ் இருக்கும்" என்றேன். பல் பிரிவு கொடுத்த முதல் நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஒரு மாலின் உணவுக்கடைப் பகுதியில் உட்கார்ந்து தே ஓ என்கிற பாலில்லாத டீ குடித்துவிட்டு வந்தேன். இரண்டாவது முறையும் அப்படியே செய்தேன். பல் பிரிவிலிருந்து வந்த அழைப்புகளை எடுக்கவில்லை. அவசரத் தொடர்புக்கு நான் கொடுத்திருந்த எண்ணுக்கு அவர்கள் அழைத்தார்கள். அது என் கணவருடையது.

அன்று வேலை முடிந்து வந்தவர் சட்டையைக் கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்.

"டென்டல்லேருந்து கூப்புட்டாங்க. ரெண்டு தடவ போகலையாமே நீ?"

அவருக்குத் தட்டு எடுத்து வைத்தேன்.

"எங்க போன?"

"டீ குடிச்சிட்டு வந்தேன்."

"பல்லு வேணுமா உனக்கு, உசுரு வேணுமா?"

"உங்க லோரி லைசென்ஸ நாளைக்குப் புடுங்கிட்டா என்னா பண்ணுவீங்க?"

அவர் எழுந்து குளிக்கப் போய்விட்டார். அது எனக்கு அப்போது பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

நான்கு நாள் கழித்து, காலை எட்டு மணிக்கு, கொமுட்டர் ரயிலிலிருந்து இறங்கி அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். வழக்கமாக ஏறும் மேம்பாலம். எஸ்கலேட்டர் வேலை செய்யவில்லை, படியில் ஏறினேன். பத்தாவது படியோ பன்னிரண்டாவதோ, மார்பில் யாரோ மூட்டையைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆட்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனார்கள். ஒரு மலாய்க்காரப் பாதுகாவலர் ஓடி வந்தார். தன் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, படிக்குக் கீழே நிழலில் போட்டு, என்னை அதில் உட்கார வைத்தார். எங்கே வேலை செய்கிறீர்கள், யாரைக் கூப்பிட வேண்டும் என்று மலாயில் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். ஒரு வார்த்தை வரவில்லை. விரலால் கைப்பேசியைத் தொட்டுக் கணவரின் எண்ணைக் காட்டினேன்.

கணவர் வரும்வரை அந்த நாற்காலியில் இருந்தேன். வாயில் பல் அத்தனையும் இருந்தன. குரல் மட்டும் இல்லை. இத்தனை வருடம் குரலை வைத்து வாழ்ந்த எனக்கு, அது எதனால் ஆனது என்று அப்போதுதான் உறைத்தது. பல் இல்லாமல் ஏதோ ஒரு மாதிரி பேசலாம். மூச்சு இல்லாமல் பேசுகிறவள் யாரும் இல்லை.

காரில் ஏறியதும், "நாளைக்கு டென்டலுக்குப் போன் பண்ணுங்க" என்றேன். அவர் என் சீட் பெல்ட்டை மாட்டிவிட்டார்.

மூன்று தவணையாக எடுத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க நான் மாத்திரை சாப்பிடுகிறவள், அதனால் ஒரே நாளில் முடிக்க முடியாது. இதய மருத்துவரைக் கேட்டுக்கேட்டுத்தான் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் பஞ்சைக் கடித்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார வேண்டும். நின்றுவிட்டது என்று பார்த்தால் மறுபடி கசியும். கடைவாய்ப் பற்கள் இரண்டு தவணையில் போயின. மூன்றாவது தவணை முன்பற்கள். அன்று அந்தப் பெண் மருத்துவர் ஊசி போடும் முன், "ஆன்டி, ஏதாவது பேசணும்னா இப்பவே பேசிருங்க" என்றார். நான் ஒரு கல்யாண வரவேற்புரையை முழுதாகப் பேசிக் காட்டினேன். தாதியர் இருவர் கைதட்டினார்கள். பிறகு வாயைத் திறந்தேன்.

பொய்ப்பல் உடனே கட்டித் தர மாட்டார்களாம். ஈறு நன்றாக ஆற வேண்டும், மூடி வைத்தால் மறுபடி கிருமி சேரும், எல்லாம் அறுவைக்குப் பிறகுதான் என்றார் மருத்துவர்.

அந்த மாதங்களை எப்படிக் கழித்தோம் என்று இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைத்துவிடுவேன். காப்பி, ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே கழித்துக்கொள்வேன். கிள்ளான் வெயிலில் மூன்று மணிக்கெல்லாம் பாட்டில் காலியாகிவிடும். பிறகு ஒரு ஐஸ்கட்டியை ஈறில் ஒதுக்கிக்கொண்டு ஓட்டுவேன். தினமும் எழுந்ததும் எடை பார்க்க வேண்டும். ஒரே நாளில் கூடினால் உடம்பில் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் படுப்பேன். உப்பும் கூடாது. ஊறுகாய் இல்லாமல் ஒரு கவளம் இறங்காத ஆள் நான். சமையலைக் கணவர் எடுத்துக்கொண்டார். உப்புக்குப் பதில் எலுமிச்சையும் மிளகும் போட்டுக் குழையக் குழைய ஒரு கஞ்சி வைப்பார். முதல் வாரம் அதைக் குடிக்க முடியவில்லை. இரண்டாம் வாரம் கிண்ணத்தை வழித்தேன்.

பேச்சுதான் பெரிய வேலையாக இருந்தது. முன்பல் இல்லாவிட்டால் முதலில் போவது 'த'. நாக்கு நுனி போய் முட்ட இடமில்லாமல் வெளியே வந்துவிடும். 'ந'வும் அப்படித்தான். 'வ'வைச் சொன்னால் காற்றுதான் வரும். கல்யாண மேடையில் என்னென்ன சொற்கள் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். தாலி, தாய்மாமன், தம்பதியர், திருமணம், நன்றி. எல்லாவற்றுக்கும் முதலில் வணக்கம். கைப்பேசியில் பதிவு செய்து கேட்டேன். யாரோ ஒரு கிழவி சோற்றை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது போல் இருந்தது. அதை அழித்துவிட்டு அழுதேன்.

மறுநாள் மறுபடி பதிவு செய்தேன். நாக்கை இன்னும் உள்ளே இழுத்து மேல் ஈறின் விளிம்பில் அழுத்தினால் 'த' ஓரளவு வரும் என்று கண்டுபிடித்தேன். 'வ'வுக்கு இரண்டு உதடுகளையும் நெருக்கி வைத்தால் போதும். மெதுவாகப் பேச வேண்டும். மெதுவாகப் பேசினால் மூச்சும் மிச்சமாகும். வாக்கியத்தைச் சிறிதாக வெட்டினேன். ஒரே மூச்சில் பத்துச் சொல் பேசிய இடத்தில் நான்கு சொல். தினமும் வேலை முடிந்து வந்ததும் அரை மணி நேரம், சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, கஞ்சி கிண்டிக்கொண்டிருக்கும் கணவரை மணமகனாக வைத்து மேடைக்கு அழைப்பேன்.

"மாப்பிள்ளைக்கு இன்னும் உப்பு போட அனுமதி கெடைக்கல" என்பார் அவர்.

அப்போது ஒரு கல்யாணம் நெருங்கி வந்துகொண்டிருந்தது. எங்கள் அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் ஒருத்தியின் மகளுக்குக் கிள்ளானில் கல்யாணம். ஒரு வருடத்துக்கு முன்பே என்னிடம் சொல்லிவைத்திருந்தாள். அவளுடைய கல்யாணத்துக்கும் நான்தான் பேசினேன், தொழிலுக்கு வந்த புதிதில். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் போய், வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்றேன்.

"ஏங்கா, டாக்டர் வேணாம்னாரா?"

"உக்காந்து பேசுனா பேசலாம்னாரு. அதுக்கில்ல. என் வாயப் பாரு."

"தினமும் பாத்துக்கிட்டுதானே இருக்கேன்."

"உன் மக வீடியோவுல நான் பொக்க வாயோட நிக்கணுமா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அக்கா, போன வாரம் கிளையன்ட் ஒருத்தர் போன்ல சத்தம் போட்டாரு. நீங்க அஞ்சு நிமிசம் பேசி அவர அடக்குனீங்க. அவருக்கு உங்களுக்குப் பல்லு இல்லன்னு தெரியுமா? எனக்கு வேற ஆளு வேணாம் லா."

இதய மருத்துவரிடம் இன்னொரு முறை கேட்டேன். உட்கார்ந்துதான் பேச வேண்டும், நடுநடுவே ஓய்வு வேண்டும், மூச்சு வாங்கினால் உடனே நிறுத்த வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டு அனுமதித்தார்.

கல்யாணத்தன்று அரக்கு நிறப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு போனேன். மேடையின் ஓரத்தில் எனக்கு ஒரு நாற்காலி. கணவர் முதல் வரிசையில் தண்ணீர் பாட்டிலோடு. மைக்கை எடுத்து, "வணக்கம்" என்றேன். துணிக்குள்ளிருந்து மொத்தென்று ஏதோ ஒரு சத்தம் வந்தது. ஒலிபெருக்கிக்காரர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், கேட்கவில்லை என்று. இத்தனை நாள் பயிற்சி செய்ததை ஒரு துணி விழுங்கிக்கொண்டிருந்தது. கவசத்தைக் கழற்றி மடியில் வைத்தேன்.

முன்வரிசையில் ஒரு குழந்தை விரல் நீட்டிச் சிரித்தது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

"சிரிக்கட்டும்மா" என்றேன் மைக்கில். "எனக்கு நெஞ்சில் அறுவை செய்யப் போகிறார்கள். அதற்கு முன்னால் வாயைக் காலி செய்யச் சொன்னார்கள். காலி செய்துவிட்டேன். குரலை மட்டும் இன்றைக்காக வைத்துக்கொண்டேன். இப்போது மணமகனை அழைக்கலாமா?"

மண்டபம் சிரித்தது, பிறகு கைதட்டியது. அந்தக் கைதட்டலில் இரக்கம் கொஞ்சம் இருந்திருக்கும். இருக்கட்டும். அடுத்த இரண்டு மணி நேரத்தில் அதை நான் தீர்த்துவிட்டேன். மணமகன் வந்தார், மணமகள் வந்தாள். தாய்மாமனை அழைக்கும்போது 'த' நழுவி வேறு ஏதோவாக விழுந்தது. நிறுத்தி, மூச்சு எடுத்து, மறுபடி சொன்னேன். இந்த முறை சரியாக விழுந்தது. தாலி கட்டும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பாகவே எல்லாம் தயார். வாழ்த்துரைக்கு வந்த ஒரு பெரியவரை எட்டாவது நிமிடத்தில் சிரிக்கச் சிரிக்க இறக்கினேன். பல் முழுதாக இருந்த காலத்தில் கூட இவ்வளவு கச்சிதமாக ஒரு கல்யாணத்தை நடத்தியதில்லை. இதை அடக்கத்துக்காகக் கூடக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் கணவர், "லைசென்ஸ புடுங்கிட்டா என்னா பண்ணுவேன்னு கேட்டல்ல, யோசிச்சேன்" என்றார். "சைக்கிள் ஓட்டுவேன்."

இரண்டு வாரம் கழித்துப் பல் மருத்துவர் என் வாய் முழுவதும் பார்த்து, மறுபடி எக்ஸ்ரே எடுத்து, அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார். புதுத் தேதி வந்தது. முதல் தேதியிலிருந்து கணக்குப் பார்த்தால் ஐந்து மாதம் தாமதம். அந்த ஐந்து மாதமும் யாராலும் வந்ததல்ல, என் வாயால் வந்தது. அதைக் கடந்ததும் நான்தான்.

அறுவை பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். விழித்தபோது தொண்டையில் குழாய் இருந்தது. மறுநாள் அதை எடுத்ததும் தாதி என் பெயரைக் கேட்டார். கரகரவென்று சொன்னேன். முழுப் பெயரையும், அப்பா பெயரோடு சேர்த்து, இடையில் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். சொல்லி முடித்த பிறகும் மூச்சு மிச்சம் இருந்தது. அழுகை அப்போதுதான் வந்தது.

இப்போது உலோக வால்வு. வீடு அமைதியாக இருந்தால் டிக் டிக் என்று கேட்கும். பொய்ப்பல்லும் வந்துவிட்டது. பாட்டிலில் அளந்த தண்ணீர் இல்லை, ஆனால் உப்புக் குறைவுதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பல் பிரிவுக்குத் தவறாமல் போகிறேன்.

போன முறை போனபோது அந்த மருத்துவர் என்னைக் கேட்டார்: "ஆன்டி, ஒரு ஹெல்ப் பண்ணுவீங்களா? வெளியில ஒரு அங்கிள் உக்காந்திருக்காரு. அவருக்கும் வால்வுதான். பல்லு எடுக்க மாட்டேன்னு அடம் புடிக்கிறாரு. கோயில்ல தேவாரம் பாடுறவராம்."

வெளியே வந்தேன். வெள்ளை வேட்டியில் அறுபது வயது மனிதர், வாயை இறுக மூடிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என்னை அறிமுகம் செய்துகொண்டேன். அவர் மரியாதைக்குத் தலையசைத்தார். பேச்சு வேலைக்கு ஆகாது என்று தெரிந்தது. கைக்குட்டையை எடுத்து, அதற்குள் பொய்ப்பல்லைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பி, "அண்ணே, வணக்கம்" என்றேன். உதட்டை நெருக்கி, நாக்கை உள்ளிழுத்து, ஒவ்வொரு எழுத்தாக.

அவர் என்னை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் வாயைப் பார்த்தார்.

"அந்த 'வ' எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்டார்.

நாற்காலியை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன்.